என்ஜின் விளக்கும் முன் சீட்டும்

என் கணவர் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். நான் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை எது என்று யாராவது கேட்டால், பிள்ளை வளர்த்ததைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

பதுளையில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டுக்குக் கீழே எங்கள் கராஜ் இருந்தது. வீடு அதற்குப் பின்னால். அவர் வாகனங்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர். நான் முன் அறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைப்பேன். கல்யாணமாகி நான் அங்கே வந்த தொண்ணூறுகளில் அவர் காதால்தான் வைத்தியம் பார்த்தார். என்ஜினை ஓடவிட்டு, ஸ்குரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். நானும் விடமாட்டேன். கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

பிறகு ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் கார்கள் வந்தன. காதுக்கு வேலை குறைந்தது. இந்தக் கார்களில் ஒரு தகரப் பெட்டி இருந்தது, சோற்றுப் பார்சல் அளவில். என்ஜினில் அங்கங்கே இருக்கும் சென்சர்கள் சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு, சுற்றுவது எவ்வளவு என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எவ்வளவு பெற்றோல் விடுவது, எப்போது நெருப்புப் பொறி தட்டுவது என்று உத்தரவு போடும். எங்கேயாவது பிழை வந்தால் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு என்ஜின் படம் எரியும்.

என்ன பிழை என்று கண்டுபிடிக்கக் கொழும்பில் மெஷின் வைத்திருந்தார்கள். எங்களிடம் ஒரு துண்டு வயர் இருந்தது. பொனட்டுக்குள் ஒரு கறுப்பு மூடியைத் திறந்தால் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றில் குறிப்பிட்ட இரண்டை அந்த வயரால் இணைத்தால் மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கும். சில தரம் சிமிட்டி, கொஞ்சம் நின்று, மறுபடி சில தரம். அந்த எண்ணிக்கைதான் பிழையின் நம்பர். ஒரு குறையும் இல்லையென்றால் இடையில் நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பொனட்டைத் திறந்து வைத்தால் முன்னால் நிற்பவருக்கு டாஷ்போர்டு தெரியாது. எனவே எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி என்னைக் கூப்பிடுவார். பாதி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

வயரைச் செருகி வைத்துவிட்டு அவரே சுற்றி வந்து பார்த்திருக்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. கேட்டேன். “பாக்கலாம்தான். நீ பக்கத்துல இருந்தா எனக்கு நல்லா இருக்கே,” என்றார். அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது?

அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், வாகனக்காரர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். புதுக் கார் வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருகிறவரின் காலடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி அந்தத் தகரப் பெட்டியைக் காட்டுவார். “இதுதான் காரோட மூளை. எல்லா உத்தரவும் இங்கேருந்துதான் போகுது.” கேட்பவர்கள் கோயில் கருவறையை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து பார்ப்பார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

ஹல்துமுல்லையில் வாடகைக்குக் கார் விட்டு ஹயர் ஓட்டிய ஒருவர் அப்படித்தான் பார்த்தார். பழைய கார் வைத்திருந்த காலத்திலிருந்தே எங்களிடம் வருகிறவர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வெள்ளை ரீகண்டிஷன் கார் வாங்கி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு காட்ட வந்தார். அந்த அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாருடைய குழந்தைகளை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர். பெரியவர்களிடமும் அதே குரலில்தான் பேசுவார். என் கணவர் மறைப்பைக் கழற்றி மூளையைக் காட்டியதும் அவர் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“மூளைய ஏன் தம்பி காலுகிட்ட வச்சிருக்கான்?”

“எடம் பாத்து வச்சிருக்கான்க்கா.”

“எடம் பாத்தான் போ,” என்றார் அக்கா. கார் செய்தவனுக்கு மரியாதை தெரியவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

அடுத்த தடவை அந்தக் கார் வந்தபோது அவர்களுடைய மகனுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தான். லீவு முடிந்து அவன் போய்விட, தெமோதரையிலிருந்து வந்த மருமகள் மாமனார் மாமியாரோடு ஹல்துமுல்லையில் இருந்தாள். அன்று மூவரும் வந்திருந்தார்கள். அண்ணனின் முகம் காய்ந்து கிடந்தது.

“சும்மா சும்மா நிக்கிது தம்பி. ஏத்தத்துல நிக்கிது, வளைவுல நிக்கிது. ஹயருக்குக் கூப்பிடுறவங்க இப்ப கூப்பிடுறதில்ல. அங்கன இங்கன காட்டி ரெண்டு மூணு சென்சர் மாத்தியாச்சு. ஒண்ணும் சரிவரல்ல.”

டிக்கியைத் திறந்து மாற்றிய சென்சர்களை எடுத்துக் காட்டினார். அதற்குள் ஒரு புது நீலச் சூட்கேஸ் இருந்தது. கல்யாணச் சூட்கேஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது. வாய் சும்மா இராமல், “பயணமா அக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“திரும்பிப் போறப்ப தெமோதரையில இவள எறக்கிவிட்டுட்டுப் போறோம். கொஞ்ச நாளைக்கு அவ அம்மா வீட்டுல இருக்கட்டும்,” என்றார் அக்கா.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் கராஜ் சுவரோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. தாய் வீட்டுக்குப் போகிற பெண்ணின் முகம் அப்படி இருக்காது.

என் கணவர் பொனட்டைத் திறந்தார், நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். விளக்கு சிமிட்டியது. எண்ணிச் சொன்னேன். என்ஜின் சூட்டைச் சொல்கிற சென்சர் என்றார். அது மாற்றிய சென்சர்தான். பியூஸைக் கழற்றி மறுபடி போட்டார். அப்படிச் செய்தால் பெட்டி பழையதை எல்லாம் மறந்துவிடும். காரை ஸ்டார்ட் பண்ணி முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டினார். வாசலிலேயே நின்றுவிட்டது. திரும்ப எண்ணினேன். இந்தத் தடவை வேறு நம்பர். காற்றுக் கதவுச் சென்சர். மறுபடி பியூஸ், மறுபடி வட்டம், மறுபடி நின்றது. எண்ணினால் அதுவும் வேறு.

பொனட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “சரியாப் பாரு புள்ள.”

“சரியாத்தான் பாக்குறேன்.”

“ஒரு காருக்கு ஒரே நேரத்துல இத்தன வருத்தம் வராது. நீ எங்கயோ தவற விடுற.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தையல்காரிக்குக் கண்தானே முதல். பின்னிரவில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளிடம் கண் தெரியவில்லை என்றால் எப்படி இருக்கும்? கார் பிழை பண்ணுகிறது, பழி என் கண் மேல். இறங்கிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போகவில்லை. சாட்சிக்கு ஆள் தேடினேன். அண்ணனும் அக்காவும் வெளியே பெஞ்சில் இருந்தார்கள். சுவரோரம் நின்ற பெண்ணைக் கூப்பிட்டேன்.

“இங்க வாம்மா. பக்கத்துல உக்காந்து நீயும் எண்ணு. ஒங் கண்ணாவது நல்ல கண்ணான்னு பாப்போம்.”

அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் தயங்கித் தயங்கி வந்து, செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். ஏறியவள் காலைக் கீழே வைக்கவில்லை. இரண்டு காலையும் மடக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கால கீழ போடேன்.”

“வேணாங்க்கா. கீழ மூளை இருக்காம். கால் படக் கூடாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“கல்யாணத்தன்னைக்கி ஹல்துமுல்லைக்கு வர்ற வழியில, வளைவுல எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சுக்கா. அவருதான் முன்னுக்கு ஏறி உக்காரச் சொன்னாரு. மூளை இருக்குறது எனக்கு எப்பிடித் தெரியும்? செருப்போட கால வச்சிட்டேன். பெரகல சந்திகிட்ட கார் நின்னுருச்சு. மாலையும் கழுத்துமா ரோட்டுல நின்னோம். அன்னையிலேர்ந்து நான் முன்னுக்கு ஏறுறதே இல்ல. ஆனா கார் நிக்கிது. செருப்புனாலன்னு மொதல்ல சொன்னாங்க. இப்ப நான் வந்த நேரமே சரியில்லங்குறாங்க.”

“ஒங்க வீட்டுக்காரரு?”

“அவரு லீவுல வந்தாத்தானே பேசலாம். அதுக்குள்ள என்னைய எறக்கிவிட்டுட்டா, திரும்பிக் கூப்பிட யாரு வருவா?”

ஒரு நம்பர் மாறினதற்கே நான் இறங்கிப் போகப் பார்த்தேன். இந்தப் பிள்ளை எப்படிப் பொறுத்துக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்தேன். “இருந்து நல்லா எண்ணு,” என்று மட்டும் சொன்னேன். இருவரும் விளக்கைப் பார்த்தோம். சிமிட்டி முடிந்ததும் இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் ஒரே எண் வந்தது. அதுவும் முன்பு வராத புது எண்.

“இப்ப என்னா சொல்றீங்க? ரெண்டு பேருக்குமே கண்ணு பொட்டையா?” என்று கத்தினேன்.

அவர் பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்து, ஸ்குரூடிரைவரால் தோளைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு தனக்குத் தானே பேசுவதுபோல் சொன்னார்.

“எல்லாரும் மாத்தி மாத்திச் சொல்றாங்கன்னா சொல்றவங்ககிட்ட பிழை இல்ல. கேக்குறவன்கிட்டதான்.”

சுற்றி வந்து அந்தப் பெண்ணை இறங்கச் சொன்னார். பட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, சீட்டுக்கு முன்னால் படுக்காத குறையாகக் குனிந்து பிளாஸ்டிக் மறைப்பை எடுத்தார். மூளை திறக்கப்படுகிறது என்றதும் அண்ணனும் அக்காவும் பெஞ்சை விட்டு எழுந்து வந்தார்கள். நான் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

தகரப் பெட்டியின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஓரத்தில் வாடிச் சுருண்ட ஒரு மல்லிகைப் பூ. அதிலிருந்து மஞ்சளாக ஒரு தாரை வழிந்து, வயர்கள் எல்லாம் வந்து சேரும் பெரிய பிளக்குக்குள் இறங்கியிருந்தது. அவர் பிளக்கை இழுத்துப் பிரித்தார். ஊசி ஊசியான செப்புக் கம்பிகள் பச்சை பிடித்துப்போய், ஒன்றோடொன்று மஞ்சள் பசையால் ஒட்டிக் கிடந்தன. சூட்டைச் சொல்கிற கம்பி காற்றைச் சொல்கிற கம்பியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் பெட்டிக்கு எப்படி விளங்கும்? லேசாகப் பன்னீர் வாசம் கூட அடித்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன். அவர் தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்.

“மழைத் தண்ணி அண்ணே. கண்ணாடி ரப்பர் வழியா எறங்கியிருக்கு. கழுவிக் காய வச்சா சரியாப் போகும்.”

வாகன விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஏன் சொன்னார் என்றும் தெரியும். வயதான மனுஷி பக்கத்தில் நிற்கிறார். அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அந்த மனசுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் மாரடிக்கிறேன். ஆனாலும் அந்த நிமிடத்தில் அவரை அறையலாம் போல இருந்தது. அண்ணன் அடுத்துச் சொன்னது என் பயத்தை உறுதியாக்கியது.

“அப்ப கல்யாணத்தன்னைக்கி பெஞ்ச மழைதான் தம்பி. இவளக் கூட்டிக்கிட்டு வரயிலதான் அப்பிடி ஊத்துச்சு.”

அந்தப் பெண்ணின் தலை இன்னும் குனிந்தது. மழையும் அவள் கணக்கில்தான் போய்ச் சேர்ந்தது. இனி யார் தடுத்தாலும் நிற்பதில்லை என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டேன். அதற்குள் அக்கா என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். குனிந்து, ஒரு விரலால் அந்த மஞ்சளைத் தொட்டார். முகர்ந்து பார்த்தார்.

“மழை இந்த நெறத்துலயா பெய்யும்?” என்றார். “நான்தான் ஊத்துனேன்.”

அண்ணன் விழித்தார். “நீயா?”

“நான்தான். அன்னைக்கிக் காலையில காருக்குப் பூச போட்டோமில்ல. சக்கரத்துக்கு வச்சோம், ஸ்டேரிங்குக்கு வச்சோம். எல்லா உத்தரவும் இதுலேருந்துதான் போகுதுன்னு தம்பி சொன்னிச்சே, இதுக்கு வைக்காம விட்டா எப்பிடி? கழட்டிப் பொட்டு வச்சு மஞ்சத் தண்ணி தெளிச்சேன். தெளிச்சது பத்தாதுன்னு பன்னீரயும் ஊத்துனேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பின்னாளில் நானும் அவரும் இதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறோம். அன்று முடியவில்லை. அக்கா அந்த மஞ்சள் விரலைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, பிள்ளைக் காம்பராக் குரல் இல்லாமல், மெல்ல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“ஊத்துனப்ப இவ எங்க வாசப்படிய மிதிக்கவே இல்ல.”

அந்த அக்காவை எனக்கு அந்த நிமிடத்தில் மிகவும் பிடித்துப் போனது. ஒதுங்கிக்கொள்ள என் கணவர் ஒரு வழி காட்டினார். அந்த மனுஷி அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது வேலை. என் கணவர் பார்மசியில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். என்னுடைய பழைய பல் பிரஷ் போனது. ஒவ்வொரு ஊசியாகத் தேய்த்து, கம்பிரஸர் காற்று அடித்து, பெட்டியைத் திறந்து உள்ளே அரித்திருந்த ஓர் இடத்தில் ஈயம் வைத்தார். தகரக் கூரையின் ஓரத்து வெயிலில் கொஞ்ச நேரம் காய வைத்தார். சந்தனத்தை வழித்தெடுக்கும்போது மட்டும் அக்கா கையை நீட்டினார். அதை வாங்கி ஒரு துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் சோறும் பருப்பும் போட்டேன். அந்தப் பெண் மாமியாருக்குப் பரிமாற எழுந்தாள். “ஒக்காந்து சாப்புடு,” என்றார் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. அன்றோடு என் கணவரும் மூளை என்ற வார்த்தையை விட்டுவிட்டார். யாருக்குக் காட்டினாலும் பெட்டி என்றுதான் சொல்வார்.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு நான் மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். அவர் வயரைச் செருகினார். விளக்கு சிமிட்டியது. எண்ண ஆரம்பித்தேன். நிற்கவில்லை. எண்ணிக்கையை விட்டுவிட்டேன். விளக்கு ஒரே சீராகச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“நிக்காம சிமிட்டுது,” என்றேன்.

வயரைச் செருகியபடி விட்டுவிட்டு அவரே சுற்றி வந்து பார்த்தார். அண்ணனை ஏற்றிக்கொண்டு பசறை ரோட்டு ஏற்றத்தில் போட்டு மிதித்துவிட்டு வந்தார். கார் எங்கேயும் நிற்கவில்லை. இறங்கிய அண்ணனுக்கு நாங்கள் பழகிய அந்தப் பழைய முகம் திரும்பியிருந்தது. அவர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மருமகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அந்தப் பெண் பின் கதவைத் திறக்கப் போனாள். அதற்கு முன்பே அக்கா பின் சீட்டில் ஏறி, நடுவில் விரிந்து உட்கார்ந்திருந்தார்.

“முன்னுக்கு ஏறு. வளைவுல ஒனக்கு ஒத்துக்காது.”

அவள் பின் கதவை விடவில்லை. “தெமோதரைதானே மாமி. கிட்டத்தான். நான் பின்னுக்கே இருக்குறேன்.”

“தெமோதரையில ஒங்க அம்மாவப் பாத்துட்டு, ஒரு வாய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்பிருவோம். சூட்கேஸ் டிக்கியிலயே இருக்கட்டும். மழைக்கு முன்ன பெரகல தாண்டணும்.”

என் கணவர் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினார். அவர் கையில் நான் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அவள் முன் கதவைத் திறந்தாள். பழக்கத்தில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள்.

“செருப்பப் போட்டுக்கிட்டே ஏறு,” என்றார் பின்னாலிருந்து அக்கா.

அவள் செருப்போடு ஏறினாள். ஏறி, இரண்டு காலையும் கீழே வைத்தாள்.